மோனே போன பாதையில் ஒரு ரயில் பயணம்

ஓவியம் பார்க்க ஐரோப்பா போகிறேன் என்று சொன்னால் அடுத்து வரும் கேள்வி "எத்தனை நாடு?" என்பதுதான். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், வியன்னா, ரோம் என்று பட்டியல் போட்டு, ஊருக்கு ஓர் அருங்காட்சியகம் என ஓடித் திரும்புகிறவர்கள் நிறைய. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்ஸில் மோனேயும் அவர் நண்பர்களும் மாறும் வெளிச்சத்தைப் பிடித்து வரைந்த இம்ப்ரெஷனிச ஓவியங்கள் மேல் ஆசை உள்ளவர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்கள் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது ஒரு ரயில் பாதை. பாரிஸின் சான் லசார் நிலையத்தில் கிளம்பி, செய்ன் நதியோடு சேர்ந்தே போய், வெர்னோன், ரூவான் வழியாக லெ ஆவ்ர் துறைமுகத்தில் முடியும் பாதை அது. நகரங்களை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏன் இந்தப் பாதை என்றால், அந்த ஓவியமே இந்த ரயிலில் ஏறித்தான் ஊர் ஊராகப் போனது. பாரிஸின் முதல் பயணிகள் ரயில் 1837-இல் ஓடியது இந்தப் பக்கம்தான். 1843-இல் ரூவான் வரை, 1847-இல் கடல் வரை தண்டவாளம் நீண்டது. நடுவில், 1841-இல், ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் உலோகக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். வண்ணக் குழாய்களையும் மடக்கு ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு காலை ரயிலில் ஏறி, ஆற்றங்கரையில் இறங்கி, வெளிச்சம் இருக்கும்வரை வரைந்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. மோனேயும் ரென்வாரும் 1869-இல் பக்கம் பக்கமாக உட்கார்ந்து வரைந்த படகுத்துறை, மோனே குடியிருந்த அர்ஜென்தோய் எல்லாமே சான் லசாரிலிருந்து சிறிது நேர ரயில் தூரம்.

நானும் அக்காவும் போனோம். அவளுக்கு ஓவியத்தைவிடச் செடிகொடி முக்கியம். நான் இந்தப் படங்களை இத்தனை வருடமாக நாட்காட்டியிலும் பிஸ்கட் டப்பாவிலும் பார்த்தே பழகியவள். மே மாதக் கடைசியில் கிளம்பினோம்.

பாரிஸில் பலரும் நேராக ஓர்சே அருங்காட்சியகத்துக்குப் போவார்கள். அதற்கு முன்னால் சான் லசாருக்கு ஒரு நடை போய்வரச் சொல்வேன். மோனே 1877-இல் இந்த நிலையத்தைப் பன்னிரண்டு முறை வரைந்தார். பக்கத்துத் தெருவிலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். புகை, நீராவி, கண்ணாடிக் கூரை வழியாக இறங்கும் வெளிச்சம் இவைதான் படத்தில் இருக்கும். மனிதர்கள் வெறும் கறுப்புப் புள்ளிகள். இன்று புகை கிடையாது, முகப்பும் பிற்காலத்தில் கட்டியது. ஆனால் நடைமேடைக்கு மேலே அந்த இரும்புக் கூரையின் முக்கோணம் அப்படியே நிற்கிறது. நிலையத்தின் பின்பக்கம் தண்டவாளங்களுக்கு மேலே ஐரோப்பாப் பாலம். அங்கிருந்து சிறிது தூரத்தில் டப்ளின் சதுக்கம். ஓவியர் காய்பொத் 1877-இல் வரைந்த மழைநாள் தெரு இதுதான். அசல் ஓவியம் சிகாகோவில் இருந்தாலும், சந்திப்பில் கூர்மையாக வந்து நிற்கும் கட்டடம் இன்றும் இங்கே நிற்கிறது. எதிர்த்திசையில் பத்து நிமிடம் நடந்தால் காப்புசீன் பெருஞ்சாலை. 35-ஆம் எண் கட்டடத்தில், புகைப்படக்காரர் நாதாரின் பழைய ஸ்டூடியோவில்தான் 1874 ஏப்ரல் 15-ஆம் தேதி இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி திறந்தது. இந்தச் சுற்றுக்கு டிக்கெட் வேண்டாம், வரிசை வேண்டாம். விமானக் களைப்போடு இருக்கும் முதல் நாளுக்குச் சரியான வேலை.

ஓர்சேயும் ஒரு ரயில் நிலையம்தான். 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. பிற்பாடு ரயில்கள் நீண்டுவிட, நடைமேடைகளின் நீளம் பற்றாமல் 1939 வாக்கில் வெளியூர் ரயில்கள் நின்றுபோயின. 1986-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இம்ப்ரெஷனிச அரங்கு ஐந்தாம் மாடியில் இருக்கிறது. கீழ்த்தளத்துச் சிலைகளைப் பார்த்துக்கொண்டே மேலே போகலாம் என்று நினைத்தால், போய்ச் சேரும்போது கால் ஓய்ந்திருக்கும். உள்ளே நுழைந்ததும் நேராக ஐந்தாம் மாடிக்குப் போய்விட்டு மெதுவாக இறங்குங்கள். வியாழக்கிழமை இரவு 9.45 வரை திறந்திருக்கும். சுற்றுலாக் குழுக்கள் கிளம்பிவிட்ட ஏழு மணிக்கு மேல் தெகாவின் நடனப் பெண்களுக்கு எதிரே உட்கார இடம் கிடைத்தது.

இங்கே இருக்கும் படங்களில் முக்கியமான பலவும், சான் லசார் ஓவியம் உட்பட, காய்பொத் எழுதிவைத்த உயிலால் அரசுக்கு வந்தவை. குடும்பச் சொத்து இருந்ததால் நண்பர்களின் விற்காத படங்கள் பலவற்றை அவரே வாங்கி வைத்திருந்தார். 1894-இல் அவர் இறந்தபோது முழுத் தொகுப்பையும் அரசுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார்; அரசு பெரிய மனது பண்ணி ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. இந்த விவரம் தெரிந்தபின் அவருடைய 'தரை இழைப்பவர்கள்' முன்னால் நான் நின்ற நேரம் கூடிவிட்டது.

ஒராஞ்சரி அருங்காட்சியகத்துக்குத் தனியாக ஒரு காலை ஒதுக்க வேண்டும். அல்லிக்குளப் படங்களை நாட்டுக்குத் தருகிறேன் என்று 1918-இல் போர் நின்ற மறுநாளே மோனே தன் நண்பரும் அப்போதைய பிரதமருமான கிளமான்சோவுக்கு எழுதினார். அவர் 1926 டிசம்பரில் இறந்து, 1927-இல்தான் இந்த இரண்டு முட்டைவடிவ அறைகளும் திறந்தன. எட்டுப் படங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம், சுவரோடு வளைந்து போகின்றன. வெளிச்சம் கூரையிலிருந்து வருகிறது. 1960-களில் மேலே ஒரு தளம் கட்டி அந்த வெளிச்சத்தையே அடைத்துவிட்டார்கள். 2006-இல் முடிந்த புதுப்பிப்பில்தான் அதை எடுத்தார்கள். நாங்கள் போன அன்று மேகம் வந்து போய்க்கொண்டிருந்தது. மேகம் மறைக்கும்போது நீலம் கறுத்து, பச்சை முன்னுக்கு வருகிறது. வெயில் வந்தால் இளஞ்சிவப்பு எழுந்து வருகிறது. அடுத்த அறைக்குப் போகும் அவசரம் இல்லாமல் நடுப் பலகையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இது கண்ணில் படும். கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு சுற்றிவந்தவர்கள் நாலே நிமிடத்தில் வெளியே போனார்கள்.

பாரிஸின் மூன்று அருங்காட்சியகங்களில் கூட்டம் குறைவு மூன்றாவதான மார்மோத்தானில். லா முயெத் மெட்ரோவில் இறங்கிப் பூங்காவைத் தாண்டி நடக்க வேண்டும். இயக்கத்துக்கே பெயர் தந்த 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' இருப்பது இங்கேதான். பெரிய படம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், 48-க்கு 63 சென்டிமீட்டர்தான். 1985-இல் பட்டப்பகலில் துப்பாக்கியோடு வந்தவர்கள் இதைத் தூக்கிப் போனார்கள். 1990-இல் கோர்சிகாத் தீவில் மீட்டார்கள். ஆனால் இங்கே என்னை அதிகம் நிறுத்தியவர் பெர்த் மொரிஸோ. 1874 கண்காட்சியில் படம் வைத்தவர்களில் அவரும் ஒருவர். நூல்களில் ஒரு பத்தியில் முடித்துவிடும் அவருக்கு இங்கே அரங்கே இருக்கிறது. வெள்ளையை இவ்வளவு விதமாகப் போட முடியுமா என்று தோன்றியது.

கிழமைக் கணக்கை ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஓர்சேயும் மார்மோத்தானும் திங்கள் மூடல், ஒராஞ்சரி செவ்வாய் மூடல். பின்னால் போகும் ஊர்களின் அருங்காட்சியகங்களில் ரூவான் செவ்வாய், லெ ஆவ்ர் திங்கள், சூரிக் திங்கள், பெர்லினின் பழைய தேசிய ஓவியக்கூடம் திங்கள், பாட்ஸ்டாம் செவ்வாய். ஆகவே திங்கள், செவ்வாய் இரண்டையும் ரயிலுக்கும் தோட்டத்துக்கும் விட்டுவிட்டால் மீதி தானாக உட்கார்ந்துவிடும். பாரிஸ் மியூசியம் பாஸ் ஓர்சேக்கும் ஒராஞ்சரிக்கும் செல்லும், மார்மோத்தானுக்கும், மோனேயின் வீடும் தோட்டமும் இருக்கும் ஜிவெர்னிக்கும் செல்லாது. பாஸ் கையில் இருந்தாலும் ஒராஞ்சரிக்கு நேரத்தை முன்பதிவு செய்தாக வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டிலும் இலவசம். அந்த இலவசத்தின் விலை கூட்டம். நான் அந்த நாளைத் தவிர்ப்பேன்.

ஜிவெர்னி திங்களன்றும் திறந்திருக்கும், ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரை. சான் லசாரிலிருந்து வெர்னோன் முக்கால் மணி நேரம் சொச்சம். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். ரயில் நேரத்துக்கு ஏற்றபடி பேருந்து நிற்கும். சைக்கிள் ஓட்டுபவர்களுக்குப் பழைய கிளை ரயில் பாதையையே சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கிளைப் பாதை மோனேயின் வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவில்தான் ஓடியது. 1893-இல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கி, ஓடையைத் திருப்பிக் குளம் வெட்ட அவர் அனுமதி கேட்டபோது, அந்நியச் செடிகளால் தண்ணீர் கெட்டுவிடும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். இப்போது சாலைக்கு அடியில் ஒரு சுரங்க நடை வழியாகக் குளத்துக்குப் போகிறோம்.

வீட்டுக்குள் மோனேயின் அசல் ஓவியம் இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், இருப்பவை நகல்கள். அவர் சேர்த்த ஜப்பானிய மரஅச்சுப் படங்கள்தான் சுவரெல்லாம். மஞ்சள் சாப்பாட்டு அறையும் நீல ஓடு பதித்த சமையலறையும் அக்காவுக்கு ரொம்பப் பிடித்துப்போயின. தோட்டத்தில் அவள் என்னை விட்டுவிட்டாள். ஐரிஸ் வரிசை, கிளெமாட்டிஸ் கொடி, ரோஜா வளைவு என்று ஒவ்வொன்றாகப் போனவள், கடைசியில் வந்து, "நிறத்தைப் பார்த்துத்தான் நட்டிருக்கான்டி, செடியைப் பார்த்து இல்லை" என்றாள். படித்த எந்தக் கட்டுரையும் எனக்கு இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அல்லிப்பூதான் வேண்டும் என்றால் ஜூலை முதல் செப்டம்பர்வரை வர வேண்டும். மே கடைசியில் இலைதான் அதிகம். திறக்கும் நேரத்துக்குப் போய், வீட்டை விட்டுவிட்டு முதலில் குளத்துக்கு நடந்தால் பாலத்தில் ஐந்து நிமிடமாவது தனியாக நிற்கலாம். பதினொரு மணிக்கு மேல் அது பாலம் அல்ல, வரிசை.

ரூவானை ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் பலர். அங்கே ஓர் இரவு தங்குங்கள் என்பேன். காரணம் திசை. தேவாலயத்தின் முகப்பு மேற்கு பார்த்தது. காலையில் முழுக்க நிழலில் நீலச் சாம்பலாக நிற்கும். மத்தியானம் தாண்டியபின் வெயில் மெல்ல ஏறி, சாயங்காலம் கல்லெல்லாம் மஞ்சளாகும். மோனே 1892, 1893 இரண்டு வருடமும் எதிர்க் கட்டட மாடிகளில் இருந்து இதை முப்பதுக்கும் மேல் வரைந்தார். ஒரே நேரத்தில் பல ஓவியத் துணிகளை நிறுத்திக்கொண்டு, வெளிச்சம் மாற மாற அடுத்த துணிக்குத் தாவியிருக்கிறார். அவற்றை ஜிவெர்னியில் வைத்து முடித்து, 1895-இல் இருபதைக் காட்சிக்கு வைத்தார். ஓர்சேயில் ஐந்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்து காலை, மாலை இரு வேளையும் அந்தக் கல்லையே பார்த்தால், அவர் நிறத்தைக் கற்பனையில் போடவில்லை என்று புரியும். நிலையத்துக்குப் பக்கத்திலேயே உள்ள ஊர் ஓவியக்கூடத்தில் அந்த வரிசைப் படம் ஒன்று இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு நேராக முகப்புக்கு நடந்து வர முடிவது இந்த ஊரில் மட்டும்தான்.

லெ ஆவ்ர் பார்ப்பதற்கு அழகான ஊர் என்று சொல்ல மாட்டேன். 1944 செப்டம்பர் குண்டுவீச்சில் நடு ஊர் தரைமட்டம். கட்டடக் கலைஞர் ஒகூஸ்த் பெர்ரே கான்கிரீட்டில் திரும்பக் கட்டினார். அதற்காகவே யுனெஸ்கோ பட்டியலிலும் 2005-இல் இடம் பிடித்தது. மோனே 1872-இல் ஜன்னல் வழியே பார்த்து அந்தச் சூரிய உதயத்தை வரைந்த விடுதி இப்போது இல்லை. "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றாள் அக்கா. துறைமுக வாயிலில் கண்ணாடிப் பெட்டி மாதிரி நிற்கும் மூமா அருங்காட்சியகத்தில் பூதேனின் வானங்களைப் பார்த்தபின் அவள் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. பதின்ம வயது மோனேயை வெளியே இழுத்துப்போய் வரையவைத்தவர் பூதேன்தான். சுவரில் அவர் வானம், பக்கத்தில் கண்ணாடிக்கு வெளியே அதே வானம். ஊர் போனாலும் வெளிச்சம் போகவில்லை.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் பாரிஸில் சான் லசாருக்கு அருகில் ஒரே விடுதி போதும். பெரிய பெட்டி அங்கேயே கிடக்கட்டும், ரூவானுக்குச் சின்னப் பை. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு தகவல்: கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பல் பகுதியில் ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தோசை, கொத்து ரொட்டி, வடை எல்லாம் கிடைக்கும், தமிழிலேயே கேட்கலாம்.

அப்புறம் கிழக்கே. பாரிஸில் கார் து லியோன் நிலையத்தில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல். பாசலில் இரண்டு பெரிய நிலையங்கள், ஒன்று சுவிஸ் ரயில்வேயுடையது, இன்னொன்று ஜெர்மன் பக்கத்தது. அடுத்த டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். விடுதியில் தங்குபவர்களுக்கு ஊர்ப் போக்குவரத்து அட்டை இலவசம். அதை வைத்தே ஆறாம் எண் டிராமில் ரீயென் போய் பெயெலர் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். மூன்று துணிகள் சேர்ந்து ஒரே படமாகும் மோனேயின் அல்லிக்குளம் இங்கே, ஒன்பது மீட்டர் அகலத்துக்கு விரிகிறது. கண்காட்சி மாறும்போது படங்களை எடுத்து மாற்றி வைப்பார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

சூரிக் ஒரு மணி நேரம். குன்ஸ்ட்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் 2021-இல் திறந்த புதிய கட்டடத்தில் ஆயுத வியாபாரி எமில் பியூர்லே சேர்த்த தொகுப்பு இருக்கிறது. ரென்வார் 1880-இல் வரைந்த சிறுமி இரேன் இங்கேதான். யூதக் குடும்பத்துப் பெண். நாஜிகள் பறித்த அந்தப் படம் போருக்குப் பின் 1946-இல் வயதான இரேனிடமே திரும்பி வந்தது. 1949-இல் அவர் விற்க, வாங்கியவர் பியூர்லே, ஜெர்மனிக்கு ஆயுதம் விற்றுச் சம்பாதித்தவர். அந்தச் சிறுமியின் நீல ரிப்பனை ரசித்துக்கொண்டே இதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தொகுப்பு வந்த வழி பற்றி அந்த ஊரிலேயே பெரிய சர்ச்சை. மூலவரலாறு எழுதிய பலகைகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

சூரிக்கிலிருந்து பெர்லினுக்கு இரவு ரயில் உண்டு. படுக்கைக்கு முன்பதிவு கட்டாயம். பெர்லினின் பழைய தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் மனேயின் (மோனே அல்ல, வேறு ஓவியர்) 'கண்ணாடித் தோட்ட வீட்டில்' படத்தை அதன் இயக்குநர் ஹூகோ ஃபான் சூடி 1896-லேயே வாங்கினார், பிரெஞ்சுக்காரர்களே தயங்கிக்கொண்டிருந்த காலத்தில். பேரரசர் வில்ஹெல்முக்கு இது பிடிக்காமல், பின்னால் சூடி முனிக்குக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று. 1945-இல் மெர்க்கர்ஸ் உப்புச் சுரங்கத்தில் தங்கத்தோடு ஒளித்து வைத்திருந்த இந்தப் படத்தை அமெரிக்க வீரர்கள் சுற்றி நின்று பார்க்கும் புகைப்படம் ஒன்று உண்டு. பாட்ஸ்டாம் பெர்லினிலிருந்து வட்டார ரயிலில் அரை மணிக்குள். ஏ, பி, சி மூன்று மண்டலத்துக்குமான டிக்கெட்டாக எடுங்கள். பார்பெரினி அருங்காட்சியகம் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. சாஃப்ட்வேர் தொழிலதிபர் ஹாசோ பிளாட்னரின் தொகுப்பில் மோனே படங்கள் மட்டுமே அத்தனை இருப்பதால், பாரிஸ் முடிந்து வருபவர்களுக்கு நல்ல இரண்டாம் சுற்று. 2019-இல் 110.7 மில்லியன் டாலருக்கு ஏலம் போன வைக்கோல்போர் இங்கே இருக்கிறது. 2022-இல் சூழல் போராளிகள் மசித்த உருளைக்கிழங்கை வீசியது இதன் மேல்தான். கண்ணாடி இருந்ததால் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாஸா, தனி டிக்கெட்டா என்றால், இந்தப் பயணத்துக்கு யூரெய்ல் பாஸ் கட்டுப்படியாகாது என்பதே என் கணக்கு. நார்மண்டித் தூரங்கள் குறைவு. பிரெஞ்சு அதிவேக ரயிலில் பாஸ் உள்ளவர்களும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அந்த இடங்களும் அளவானவை. முன்கூட்டியே எடுத்த தனி டிக்கெட் மலிவாகவே முடிந்தது. சுவிஸ், ஜெர்மனி நாட்களை நீட்டி இன்னும் பல ஊர் சுற்றுபவர்களுக்குக் கணக்கு மாறும்.

லண்டனைப் பற்றிக் கேட்பீர்கள். 1870-இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போருக்குத் தப்பி மோனேயும் சக ஓவியர் பிஸாரோவும் போன ஊர். நேஷனல் கேலரிக்குக் கட்டணம் இல்லை. ஆங்கில ஓவியர் டர்னர் 1844-இல் வரைந்த மழையில் வரும் ரயிலும் மோனேயின் சான் லசார் ஒன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நடந்து போகும் தூரத்தில் உள்ள கோர்ட்டால்டு ஓவியக்கூடத்தில் பிஸாரோ 1871-இல் வரைந்த ஒரு புறநகர் ரயில் நிலையம், மனேயின் மதுக்கூடப் பெண். நாங்கள் போகவில்லை, தனி விசா, தனிச் செலவு. போவதாக இருந்தால் லண்டனைப் பயணத்தின் முதலில் வையுங்கள். அங்கே இறங்கி, யூரோஸ்டார் ரயிலில் பாரிஸ் வந்துவிட்டால் ஒற்றை நுழைவு ஷெங்கன் விசாவே போதும். நடுவில் வைத்தால் வெளியேறி மறுபடி நுழைய பல நுழைவு விசா கேட்க வேண்டும். அதிக இரவுகள் தங்கும் நாடு எதுவோ அதன் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், விடுதிகளைப் பதிவு செய்யும்போதே பிரான்ஸ் இரவுகளை எண்ணிக்கொள்ளுங்கள்.